ஏரி உருகுவதற்குள்

உறைந்த ஏரியில் வடம் இறக்கப் பனியை அறுக்கும் வண்டி வராது என்று நகரத்திலிருந்து போன் வந்தபோது ஹெல்கா தீவின் கரையில் நின்றிருந்தாள். எங்கள் ஊரே வேலைக்குத் திரண்டு வந்தாயிற்று. இணைய வடம் சுற்றிய பெரிய உருளை அக்கரையில் இறங்கியாயிற்று. பட்டாணி சூப் கொதித்துக்கொண்டிருந்தது. இந்த நேரம் பார்த்து வண்டிக்காரன், மார்ச் வெயிலில் பனி மெலிந்துவிட்டது, ஆள் நடக்கலாம், வண்டி இறங்காது என்கிறான். அவன் சொன்னதிலும் தப்பில்லை.

ஹெல்காவால் அப்படி விட்டுவிட முடியாது. ஆஸ்பத்திரிகளில் ரஷ்ய நோயாளிகள் பேசுவதை வீடியோவில் கேட்டு டாக்டர்களுக்கு ஃபின்னிஷில் சொல்வது அவள் வேலை. போன வாரம் ஒரு பெண்ணுக்கு வந்திருப்பது என்ன கட்டி என்று டாக்டர் சொல்லத் தொடங்கியதுமே தீவின் செல்போன் சிக்னல் விழுந்து படம் உறைந்துவிட்டது. பாவம், அந்தப் பெண் நெடுநேரம் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தாளாம். மே மாதத்திலிருந்து வீட்டுக்குக் கம்பி இணைப்பு இருந்தால்தான் வேலை என்று அலுவலகம் கறாராகச் சொல்லிவிட்டது. ஏரி உருகுவதற்குள் வடம் தீவுக்கு வராவிட்டால், வீட்டைப் பூட்டிக்கொண்டு நகரத்தில் ஏதாவது ஒரு பொந்தில் குடியேற வேண்டியதுதான்.

"வண்டி எதுக்கு? பனிக்கடியில வலை விடுற மாதிரி விடுவோமே" என்றாள் சட்டென்று.

கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஐமோ தாடியைச் சொறிந்தார். "இது வலை இல்ல ஹெல்கா. கனத்த வடம்."

"முதல்ல கயிறு போகட்டும். அக்கரையில அதுல வடத்தைக் கட்டிட்டு இங்கேருந்து எல்லாரும் சேர்ந்து இழுப்போம்."

பக்கத்து வீட்டு ரைலி சிரித்துவிட்டாள். "மீனுன்னா நமக்கு மூளை வேலை செய்யுது. இன்டர்நெட்டுன்னா நகரத்துக்குப் போன் போடுறோம்."

அப்புறம் யாரும் நிற்கவில்லை. துளை போட்டு, பனிக்கடியில் மிதந்து போகும் வலைப்பலகையில் கயிற்றைக் கட்டி உள்ளே இறக்கினார்கள். கயிற்றைச் சுண்டினால் பலகையிலுள்ள இரும்புக் கொக்கி பனியின் அடிப்பக்கத்தை உந்தும். பலகை ஒரு தாவு முன்னால் போகும். டொக், டொக் என்று சத்தம் காலடியில் நகர, ஹெல்கா அதன் கூடவே ஓடினாள். சத்தம் நின்ற இடத்தில் ரைலி அடுத்த துளையைப் போட்டாள். பனிமேல் தேங்கிய தண்ணீர் பூட்ஸுக்குள் புகுந்தது. யாருக்கும் குளிரவில்லை. கயிறு அக்கரையைத் தொட்டதும், பொதுவாகத் தும்மலைக்கூட அடக்கிக்கொள்ளும் எங்கள் ஊர் ஆட்கள் கை தட்டினார்கள்.

அதில் வடத்தைக் கட்டிவிட்டுத் தீவுக்குத் திரும்பினார்கள். மெலிந்த பனியில் நின்று அந்தக் கனத்தை இழுக்க முடியாது. தீவில் வடம் ஏறக்கூடிய பாறையில்லாத கரை ஒன்றே ஒன்றுதான். அது தீவிலேயே வசிக்கும் உர்ஹோவின் படகுத்துறை. எல்லோரும் கயிற்றின் இக்கரை முனையோடு அங்கே போனபோது உர்ஹோ வழியை மறித்து நின்றார்.

"இது என் கரை."

ஐமோ திகைத்துப்போனார். "வடம் பத்திப் பேசின கூட்டத்துல நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"ஆமா, சொல்லல. சரின்னும் சொல்லல."

இங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம். எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருவர் வாய் திறக்கவில்லை என்றால் சம்மதம் என்று எழுதிக்கொண்டு காப்பி குடிக்கப் போய்விடுவோம். கோபக்காரரும் அதே மாதிரிதான் உட்கார்ந்திருப்பார் என்பது எங்களுக்கே தெரியும். ஆனாலும் யாரும் கேட்க மாட்டோம்.

ஹெல்காவுக்கு ஆத்திரம் பொங்கியது. நறுக்கென்று நான்கு வார்த்தை கேட்கத்தான் முன்னால் போனாள். போன பிறகுதான் அவரைச் சரியாகப் பார்த்தாள். வேலை உடுப்பு. கம்பளிக் கையுறை. பனி உடைந்தால் பிடித்து ஏறுவதற்கான ஆணிகள் கழுத்தில். வழியை மறிக்க வருகிறவர் இதையெல்லாம் மாட்டிக்கொண்டா வருவார்?

முழங்கால் ஆபரேஷன் ஆனவராயிற்றே, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வேலைக்கு அவரை மட்டும் யாரும் அழைக்கவில்லை. நல்லெண்ணம்தான். அவர் காலையிலிருந்து உடுத்திக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "உர்ஹோ, கயித்தோட முன்னாடி நின்னு குரல் கொடுக்க ஆள் இல்ல. நீங்க வர்றீங்களா?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பத்தான் வாய் வந்துதா உங்களுக்கு?"

"இப்பத்தான் வந்துது."

"கயித்தைப் பிடிச்சிருக்கிற லட்சணத்தைப் பாரு. தோள்ல போடுங்க எல்லாரும்." வழியை விட்டு விலகி, கயிற்றின் தலைப்பைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். "நான் 'ம்'னா இழுக்கணும். ஐமோ, நீ சும்மா தலைவர் மாதிரி நிக்காதே."

இழுத்தார்கள். அசையவில்லை. மறுபடி 'ம்'. மெல்ல இளகியது. பிறகு வர ஆரம்பித்தது பாருங்கள், சேறும் பாசியுமாக அந்தக் கறுப்பு முனை துளைக்குள்ளிருந்து தலை நீட்டியபோது ஹெல்கா அப்படியே சேற்றில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டாள்.

அக்கரையில் வடத்தோடு வந்த தொழில்நுட்பக்காரர் அதன் மறுமுனையில் சோதனை விளக்கை வைத்தார். இக்கரையில் ஐமோ மேலுறையைச் சீவி, முடியளவு மெல்லிய கண்ணாடி இழைகளைப் பிரித்தார். எல்லோரும் சுற்றிக் கவிந்து வெயிலை மறைத்தார்கள். ஒரு இழையின் நுனியில் சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது. இழை எங்கும் உடையவில்லை, ஏரியைத் தாண்டி வெளிச்சம் வந்துவிட்டது. ஹெல்கா வாய்விட்டு அழுதாள். ரைலி பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாக அவள் முதுகில் அடித்தாள்.

ஹெல்கா சேற்றுக் கையாலேயே அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

"மே மாச அட்டவணையில என் பேரைப் போடுங்க. வீட்டிலிருந்தேதான் பேசுவேன்."

"என்ன சொன்னீங்க? கேக்கல."

லைன் அறுந்தது. அவள் மறுபடி போட்டாள். மறுபடியும் அறுந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவளுக்கு அதில் கோபமே வரவில்லை.