மறைப்புள்ள கம்ப்யூட்டர்

புதுவாயல் பிரவுசிங் சென்டர்ல சுவத்தோரம் இருக்கிற கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் துணி மறைப்பு. கம்பெனிக்குத் தெரியாம வேற வேலைக்கு மனு போட அங்கதான் பூந்தேன்.

அன்புராஜ்னு என் பேரை அடிக்க முதல் எழுத்தைத் தட்டினதுதான் தாமதம், அதே மனுவுல முன்னாடி அடிச்ச பேருங்க கீழ ஒரு வரிசையாத் தொங்குது. அமிர்தம், அருளப்பன், அஸ்கர் அலி. எல்லாம் எங்க ஷிப்டு ஆளுங்க. யாரைக் கேட்டு இந்தக் கருமம் எல்லார் பேரையும் புடிச்சு வெச்சுக்கினு கீது?

அஸ்கர் அலி எங்க சூப்பர்வைசர். கம்பெனியை விட்டு ஓடுறவன் துரோகின்னு காலைலதான் கத்தினாரு.

மனுவை அனுப்பினேன். என் பேரும் அந்த வரிசையில சேர்ந்துச்சு.

மறைப்பை விட்டு வெளிய வந்தா, அஸ்கர் அலியே பெஞ்சுல உக்காந்துகினு கீறாரு.

"மத்த சீட்டெல்லாம் காலியா கீதே சார்"ன்னேன்.

"அங்க மறைப்பு இல்லியேப்பா"ன்னாரு. "ரகசியம் நிக்காது."