அன்னம்மாவின் புகைக்குக் கிடைத்த தற்காலிக அனுமதி

சிங்கப்பூர் வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கும், அவர்தம் மன்றங்களின் தலைவர், துணைத் தலைவர், ஆயுட்காலத் தலைவர் ஆகிய சகல கனவான்களுக்கும் மிகுந்த பணிவுடன் அறிவிக்கப்படுவது யாதெனில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டு மே மாதக் கடைசியில், தேக்காவில் டன்லப் ஸ்திரீட்டுக்குப் பின்புறச் சந்தின் மாடி வீடொன்றில் அரிசி களைந்துகொண்டிருந்த அன்னம்மா என்ற பெண்ணின் கூந்தலிலிருந்து புகை வந்தது. நெருப்பு இல்லை. முடி கருகவில்லை. தொட்டுப் பார்த்த தம்பி மனைவி சரஸ்வதி, தலை குளிர்ந்துதான் இருக்கிறது என்றாள். அன்று வெங்காய விலை ஏறியிருந்ததால் சந்தில் முதலில் அதைப் பற்றித்தான் பேசினார்கள். புகை மறுநாள்தான் பேச்சில் அடிபட்டது.

அன்னம்மாவின் ஊர் இலங்கையின் தென்கரையில் இருந்தது. அவளுக்குச் சீதனமாக வந்த மனையில் கணவர் நமசிவாயம் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலேயே குடித்தனம். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த தம்பி இராசரத்தினத்துக்குப் பிள்ளை பிறந்திருந்ததால், பார்த்துவிட்டு வருவதற்காகக் குறுகிய காலத் தங்கல் அனுமதியில் கப்பலேறி வந்திருந்தாள். புகை ஒரே மாதிரி வரவில்லை. முதலில் செத்தல் மிளகாய் எரிகிற நெடி வந்தது. அன்று பிற்பகல் முழுக்கச் சந்தே இருமியது. பிறகு கொத்தமல்லி, மாசிக் கருவாடு, தேங்காயெண்ணெய், அலமாரிப் பலகை என்று ஒவ்வொன்றாக வந்தன. அடுத்ததாக ஒரு வாசனை வந்தபோது அன்னம்மா உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். அது என்ன வாசனை என்று யாரும் கேட்கவில்லை. கீழ்த்தளத்தில் தேநீர்க் கடை வைத்திருந்த ஒலி முகம்மது அடுப்பை அணைத்துவிட்டு அன்று கடையை மூடினார். கொழும்பிலிருந்து தந்தி அதற்குப் பிறகுதான் வந்தது. இனக்கலவரத்தில் கடையும் வீடும் போயின, அவரும் போனார், வராதே என்று அதில் இருந்தது. பின்னால் கப்பலில் வந்தவர்கள் மீதியைச் சொன்னார்கள். கொளுத்தியவர்கள் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் அந்த மனையில் கொட்டகை போட்டுவிட்டான். மனைக்கு உரியவள் திரும்பி வந்தால் அவளையும் அனுப்பிவைப்பதாகக் கள்ளுக்கடையில் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அனுமதி முடிகிற வாரம் இராசரத்தினம் அக்காவை அதற்குரிய அலுவலகத்துக்கு அழைத்துப் போனான். மேசைக்குப் பின்னாலிருந்த வெள்ளைக்கார அதிகாரி மிகவும் மரியாதையானவர். நாற்காலி கொடுத்தார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார், புகை முகத்துக்கே வந்ததும் மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார். இலங்கையில் அமைதி திரும்பிவிட்டதாகப் பத்திரிகையில் வந்துவிட்டது, ஆகவே திரும்புவதில் ஆபத்து இருக்க வழியில்லை என்றார். அன்னம்மா மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துச் சொன்னாள்: “பேப்பரிலை அணைஞ்சிருக்கும் ஐயா. என்ரை தலையிலை இன்னும் அணையேல்லை. நான் போனால் என்னையும் கொளுத்துவினம்.” அதிகாரி புகையை அக்கறையோடு கவனித்துவிட்டு, அது ஆவணமாகாது என்றார். வீடு எரிந்ததற்கு அந்த ஊர்க் காவல் நிலையத்திலிருந்து சான்று வேண்டும். வீடு எரிந்தபோது கைகட்டி வேடிக்கை பார்த்த அதே காவலர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அது வரும்வரை என்று சில வாரங்களைக் கூட்டிக் கொடுத்து, ‘தற்காலிகம்’ என்று முத்திரை குத்தினார். முத்திரை மட்டும் நன்றாக, அழுத்தமாக விழுந்திருந்தது.

இந்த நிலையில்தான் தமிழ் மேன்மை மன்றம் களத்தில் இறங்கியது. ஜவுளி வியாபாரியான அதன் தலைவர் வேலாயுதம், மாலை போடாத நாளில் கழுத்து வலிக்கிறது என்று சொல்லக்கூடிய மனிதர். அவர் செயற்குழுவோடு படியேறி வந்து, இருமி, கண்ணைத் துடைத்து, அன்னம்மாவுக்காக மன்றமே மனு எழுதும் என்று அறிவித்தார். மனுவில் அகதி என்று போடலாம் என்றான் இராசரத்தினம். தலைவருக்கு முகம் சுண்டிவிட்டது.

“அகதியா? என்ன தம்பி பேசுறீங்க? நாளைக்கு சீனன், மலாய்க்காரன் எல்லாம் நம்மளப் பத்தி என்ன நினைப்பான்? சமூகத்துக்குக் கேவலம்லா. அருளாளர்னு போடுவோம். தலையில புகை வருது, வேற என்ன வேணும்?”

“ஐயா, எனக்கு அருள் ஒண்டும் இல்லை. என்ரை வீடு எரியுது” என்றாள் அன்னம்மா.

“தன்னடக்கம் பாருங்க” என்றார் தலைவர், செயற்குழுவிடம்.

படிக்கட்டில் வழிவிட்டு நின்ற ஒலி முகம்மது, “தலைவரே, உங்க கடை பத்திக்கிட்டா நீங்களும் சாமியாராயிடுவீங்களா?” என்று கேட்டார். நீங்க சும்மா இருங்க பாய் என்று துணைத் தலைவர் சொன்னார்.

மனு மிக உயர்ந்த ஆங்கிலத்தில் தயாராயிற்று. அதில் வீடு, கடை, கணவர், கள்ளுக்கடை மிரட்டல் எதற்கும் இடமில்லாமல் போனது. மன்றத்தின் வரலாறே இரண்டு பக்கத்தை எடுத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் பக்கத்தில், தெய்வீகத் தூபம் கமழும் மாதரசி ஒருவர் நம் தீவுக்கு எழுந்தருளியுள்ளார் என்று இருந்தது. செய்தி பரவியதும் சிராங்கூன் ரோட்டுத் தாய்மார்கள் தலைக்கு ஊற்றிய குழந்தைகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு வரிசையாக மாடியேறினார்கள். சாம்பிராணி வாங்கும் செலவு மிச்சம் என்பதோடு புண்ணியமும் சேர்ந்து கிடைத்தது. அன்னம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு, “பிள்ளையளை இதிலை காட்டாதேங்கோ, இது அதுக்கான புகையில்லை” என்று கும்பிட்டாள். கும்பிட்டதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

அலுவலகம் மனுவை முழுமையாக ஏற்றுக்கொண்டது. கேடு அங்கேதான் வந்தது. அருளாளர் என்றால் சமய வருகையாளர். அந்த வகையினர் திருவிழா முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும் என்பது விதி. அடுத்து வந்த திருவிழா தீமிதி. அது முடிந்ததும், மன்றத்தின் வேண்டுகோளுக்கிணங்க அருளாளரைத் தக்க மரியாதையுடன் தாயகம் அனுப்பிவைப்பதாக உத்தரவு வந்தது. கப்பல் சீட்டும் இணைத்திருந்தார்கள். இராசரத்தினம் ஓடிப்போய் மனுவைத் திருத்தச் சொல்லிக் கெஞ்சினான். செயற்குழு தீர்மானித்ததைத் திருத்தப் பொதுக்குழு கூட வேண்டும், பொதுக்குழு பொங்கலுக்குத்தான் கூடும் என்றார் தலைவர். வேண்டுமானால் வழியனுப்பு விழா நடத்தலாம் என்றார். நடத்தினார்கள். சாவதற்கு அனுப்பப்படுகிற பெண்ணுக்குச் சந்தன மாலை போட்டுப் படமும் எடுத்துக்கொண்டார்கள். புகை மறைத்ததால் படத்தில் தலைவர் மட்டும் தெளிவாக விழுந்தார்.

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பல் ஏணியருகே அன்னம்மாவை நிறுத்தியது அரசாங்கமல்ல, மன்றமல்ல, மனிதர் யாருமல்ல. கப்பலின் தீத்தடுப்பு விதி. புகைகிற எதையும் கப்பலில் ஏற்றக்கூடாது என்று அதில் இருந்தது. பஞ்சு மூட்டையில் புகை வந்தால் இறக்கிவிடுவோம், பெண்ணிடம் வந்தாலும் அப்படித்தான் என்றார் கப்பல் அதிகாரி. கூட வந்த காவலர் உத்தரவைக் காட்டினார். சரி, அணைத்துவிட்டு ஏற்றுங்கள் என்று சொல்லி ஒரு வாளித் தண்ணீர் வரவழைத்து, எல்லோரும் பார்த்திருக்க அவள் தலையில் ஊற்றினார்கள். புடவை சொட்டச் சொட்ட அவள் நின்றாள். புகை முன்போலவே வந்தது. சாப்பாட்டுத் தூக்கோடு வழியனுப்ப வந்திருந்த ஒலி முகம்மது, “இன்னொரு வாளி ஊத்துங்க சார், அந்த ஊர் போலீஸ்ல பண்ணாததை நீங்களாச்சும் பண்ணினதா இருக்கட்டும்” என்றார். அடுத்த கப்பலும் ஏற்ற மறுத்தது, அதற்கடுத்ததும் மறுத்தது. மனிதரை எரிகிற ஊருக்கு அனுப்பக்கூடாது என்று அந்த அலுவலகத்தில் யாரும் விதி எழுதிவைக்கவில்லை. கப்பல் எரியக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். அன்னம்மா பிழைத்தது அதனால்தான். தகுந்த கப்பல் கிடைக்கும்வரை தற்காலிகமாகத் தங்கலாம், ஆனால் வேலை செய்யக்கூடாது, முகவரி மாற்றக்கூடாது, தவணைதோறும் நேரில் வந்து புகையைக் காட்ட வேண்டும் என்று புதிய உத்தரவு வந்தது.

காட்டினாள். அவளுக்குத் தற்காலிகம் என்று முத்திரை குத்திய கொடி மறு வருடமே இறங்கியது. தன்னாட்சி வந்தது, புதுக்கொடி ஏறியது, முத்திரை அதே. மலேசியா வந்தபோது வானவேடிக்கை விட்டார்கள். தன் புகைக்கு நடுவிலும் அதைப் பார்க்க முடிந்தது என்றாள். மலேசியா போனபோது அலுவலகத்தில் தாளின் தலைப்பை மட்டும் மாற்றினார்கள். அவளுக்கு அனுமதி தந்த அரசாங்கங்கள் ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டு போக, தற்காலிகமானவள் மட்டும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரிகள் வெள்ளைக்காரர், யுரேசியர், சீனர், தமிழர் என்று மாறினார்கள். கடைசியாக வந்த தமிழர் குனிந்து முகர்ந்துவிட்டு, “மிளகாயா, அம்மா?” என்று கேட்டார். “இண்டைக்கு மிளகாய்தான் ஐயா” என்றாள் அன்னம்மா. அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடி ஒரு தவணை போட்டார்.

அறுபத்தாறில் தமிழ் மேன்மை மன்றம் வெள்ளிவிழா கொண்டாடியது. அகதிப் பெண்ணொருத்தியை ஆண்டாண்டு காலமாகக் காத்து வரும் கருணை என்று தலைவர் வேலாயுதம் நெடுநேரம் பேசினார். அதற்குள் அகதி என்பது கௌரவமான சொல்லாகிவிட்டிருந்தது. அழைப்பிதழில் அன்னம்மாவின் பெயர் இருந்தது. வந்தவளை, புதிதாகத் தைத்த பட்டுப் பதாகையில் கரி படிந்துவிடும் என்று சொல்லி வாசலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். அவள் கொஞ்ச நேரம் கேட்டிருந்துவிட்டு, உலை வைக்க நேரமாயிற்று என்று எழுந்து வீட்டுக்கு நடந்தாள். வழியில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. துணி காயப்போட்டவர்கள் மட்டும் பழக்கத்தில் கொடியை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

அந்த வீடு அவள் தலைமேல் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. தகுந்த கப்பல் இன்னும் கிடைக்கவில்லை. அந்தச் சந்தில் கொசு கிடையாது.