ரேஸ் பெட்ரோலும் எல் போர்டு காரும்

பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடி படுத்தவர் யாரும், பெட்ரோலின் தரத்தைக் காட்டும் ஆக்டேன் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளாமல் எழுந்து போனதில்லை. கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே, "பங்க்ல விக்கிறதெல்லாம் பெட்ரோலே இல்லைங்க, பாத்திரம் கழுவின தண்ணி. அதைக் குடிச்சுட்டு எஞ்சின் எப்படிங்க ஓடும்?" என்பார். வாய் நிறையப் பஞ்சும் குழாயுமாகக் கிடப்பவர் "ஆ" என்பார். "அதைத்தான் நானும் சொல்றேன்" என்று டாக்டர் பூரித்துப்போவார். இப்படியே ஊரில் பாதிப் பேரின் ஆதரவை அவர் சம்பாதித்திருந்தார்.

இவ்வளவும் ஆட்டோகிராஸ் படுத்திய பாடு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில், காலியாகக் கிடக்கும் கன்டெய்னர் யார்டில் ஊர் கார் கிளப்காரர்கள் ஆரஞ்சு நிறக் கோன்களை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு காராக அந்த வளைவுகளுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். சீக்கிரம் வந்தவர் ஜெயித்தவர். கோனைத் தட்டினால் நேரத்தைக் கூட்டிவிடுவார்கள். பரிசு, தங்க முலாம் பூசிய மாதிரி தெரிகிற ஒரு பிளாஸ்டிக் கோப்பை. அதற்காக டாக்டர் தன் பழைய காரின் பின்சீட்டைக் கழற்றினார், ரேடியோவைக் கழற்றினார், ஏசியைக் கழற்றினார். எடை குறைந்தது, வியர்வை கூடியது. கடைசி இடம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

அவர் மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'. ஒரு நாள் யார்டுக்கு வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏங்க, நீங்க கோனையே பாத்துட்டு ஓட்டறீங்க. கண்ணு போற எடத்துக்குத்தான் வண்டி போகும். அடுத்த வளைவைப் பாருங்க."

"அதெல்லாம் உன் எல் போர்டு கூட்டத்துக்கு. இது ரேஸ். இங்க பிரச்சினை பெட்ரோல்."

டீச்சர் வகுப்புக்குக் கிளம்பினார். வீட்டில் இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனைக்கு மரியாதை இல்லை என்பது அவருக்கு எப்போதோ தெரியும்.

டாக்டர் மெக்கானிக்கிடம் போனார். வாடிக்கையாளரிடம் 'இல்லை', 'முடியாது' என்ற வார்த்தைகளைச் சொல்வதில்லை என்பது அந்த மெக்கானிக்கின் கொள்கை.

"ரேஸ் பெட்ரோல் ஊத்தினா வண்டி பறக்குமா?"

"ஊத்துங்க சார், பாத்துடலாம்."

"எஞ்சின்ல ஏதாவது மாத்தணுமா?"

"மாத்தினா நல்லது சார். மாத்தாட்டியும் நல்லது."

நீல நிறக் கேன் ஒன்று வீட்டுக் கார் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. என்ன இது என்று கேட்ட மனைவியிடம் விலையைச் சொல்லும் துணிச்சல் டாக்டருக்கு இல்லை. "சும்மா பெட்ரோல்தான்" என்று சொல்லிவைத்தார்.

அந்த வாரக் கடைசியில் டீச்சரிடம் படிக்கும் தையல்காரர் ஒருவருக்கு லைசென்ஸ் டெஸ்ட். கிளம்பும் நேரத்தில் ஸ்கூல் காரின் பெட்ரோல் முள் படுத்துக்கிடந்தது. சும்மா பெட்ரோல்தானே என்று டீச்சர் நீலக் கேனைத் தூக்கி முழுவதையும் ஊற்றிவிட்டார். பந்தயக் களங்களில் சீற வேண்டிய அந்த உயர்ந்த திரவத்தைக் குடித்த கார், தையல்காரரின் காலடியில் மேட்டில் அணைந்தது, கிளப்பினால் மறுபடி அணைந்தது, கடைசியில் பின்னால் உருண்டு போய்ச் சுவரை முத்தமிட்டது. தையல்காரர் ஃபெயில். திரும்பும் வழியில் டீச்சர் பங்க்கில் கேனை நிரப்பி, எடுத்த இடத்திலேயே வைத்தார். அதோடு அதை மறந்தும் போனார்.

ஞாயிறு காலை டாக்டர் அதைத் தன் காரில் ஊற்றும்போது கண்ணை மூடி முகர்ந்து பார்த்தார். "வாசனையே வேற" என்றார். காரில் ஏறி உட்கார்ந்தவருக்கு அன்று கோன்கள் ஞாபகமே இல்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்பதிலேயே மனசு இருந்ததால், நினைத்த நினைத்த இடத்தில் பிரேக்கை மிதிக்கும் பழக்கத்தையும் மறந்துபோனார். ஒரு கோனையும் தட்டாமல் வெளியே வந்தார். மூன்றாம் இடம்!

கிளப் உறுப்பினர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பிளைவுட் கடை வைத்திருக்கும் கிளப் தலைவர்தான் முதலில் கை கொடுத்தார். டாக்டர் கேனைத் தூக்கிக் காட்டி விளக்கவுரை நிகழ்த்திக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருவில் வகுப்பை முடித்துவிட்டு எட்டிப் பார்க்க வந்த டீச்சரின் காதில் அது விழுந்தது.

"ஐயையோ, அந்தக் கேனா? அதுல இருந்ததை நான் அன்னைக்கே ஸ்கூல் வண்டிக்கு ஊத்திட்டேங்க. இது நம்ம பங்க்ல புடிச்சது."

டாக்டர் முகம் வெளுத்து, தூக்கிய கேனைக் கீழே இறக்கினார். பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார்.

"கேன் அடியில கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும்மா. அதோட வீரியம் அது."

"கேன் உள்பக்கம் ஊறிப்போயிருக்கும்ல" என்றார் இன்னொருவர்.

டாக்டரின் முகத்தில் மறுபடி ரத்தம் ஓடியது. "மிச்சம் மீதியே இந்தப் போடு போடுதுன்னா, முழுசா ஊத்தினா என்ன ஆகும்!"

என்ன ஆகும் என்று பார்க்க கிளப் மொத்தமும் மெக்கானிக் கடை வாசலில் நின்றது.

"ரேஸ் பெட்ரோல் தீந்துபோச்சு சார். எத்தனால் இருக்கு, எரிசாராயம். ஆக்டேன் அதுல இன்னும் ஜாஸ்தி."

"குடுப்பா அதை!"

அன்றைக்கு மெக்கானிக்குக்கும் மனசாட்சி லேசாக உறுத்தியிருக்க வேண்டும். "ஆனா சார், அது பெட்ரோல் மாதிரி இல்ல. எஞ்சினுக்கு அதிகமா குடுக்கணும். பம்ப், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் செட்டிங் எல்லாம் மாத்தணும். டயம் எடுக்கும்."

"ஞாயித்துக்கிழமை போட்டி இருக்கே?"

"அப்ப அப்படியே ஊத்திக்கங்க சார்" என்று மெக்கானிக் தன் கொள்கைக்குத் திரும்பினார்.

சனிக்கிழமை சாயங்காலமே எல்லோரும் காரை யார்டுக்குக் கொண்டுவந்து, டேங்கைக் காலி செய்து, எத்தனாலை நிரப்பி, பூட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் விடியற்காலை பனி கொட்டியது. எத்தனாலுக்குக் குளிர் ஆகாது என்பதை அவர்களில் யாரும் படித்திருக்கவில்லை. ஒவ்வொருவராகச் சாவியைத் திருகினார்கள். கிர்ர், கிர்ர் என்று இழுத்து இழுத்து பேட்டரிகள்தான் உயிரை விட்டன. தலைவரின் கார் மட்டும் எப்படியோ உயிர்பெற்று, இரண்டாவது கோன் வரை இருமிக்கொண்டே போய், எஞ்சின் கோளாறைச் சொல்லும் மஞ்சள் விளக்கைக் காட்டிவிட்டு குறுக்கே படுத்துக்கொண்டது.

வாட்ச்மேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். "என்ன சார் இது, சாராயக் கடை மாதிரி நாறுது? குடிச்சுட்டு ஓட்ட மாட்டோம்னு சொல்லித்தானே எடத்தை வாங்கினீங்க?"

"நாங்க குடிக்கலப்பா" என்றார் தலைவர் பரிதாபமாக. "வண்டிங்கதான் குடிச்சிருக்கு."

டாக்டர் மனைவிக்கு போன் செய்து பேட்டரி வயர் கொண்டுவரச் சொன்னார். டீச்சர் எல் போர்டு காரில் வந்தார். ஒவ்வொரு காராக வயர் மாட்டிப் பார்த்தும் ஒன்றும் அசையவில்லை. போட்டி என்று சொல்லி வாங்கிய யார்டில் ஒரு காராவது ஓடாவிட்டால் இனிமேல் தர மாட்டார்கள் என்று தலைவர் கையைப் பிசைந்தார்.

"அப்ப நான் ஓட்டறேன்" என்றார் டீச்சர்.

எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாததால் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். "நான் பக்கத்துல உக்காந்து வழி சொல்றேன்" என்று டாக்டர் ஏறிக்கொண்டார். அந்த இடம் வகுப்பு நேரத்தில் டீச்சர் உட்காரும் இடம். காலுக்குக் கீழே தனியாக ஒரு பிரேக் இருக்கும். முதல் வளைவு வந்ததும் கார் தேவையில்லாமல் முக்கி நின்றது.

"ஏங்க, காலை எடுங்க."

"நான் எங்க காலை வெச்சேன்?"

"என் பொழப்பு மேல வெச்சிருக்கீங்க. எடுங்க."

வளைவுக்கு வளைவு இதுவே நடந்தது. சுற்று முடிந்ததும் டீச்சர் காரை நிறுத்தி, எட்டி அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். டாக்டர் இறங்கினார்.

இரண்டாம் சுற்றை டீச்சர் தனியாக ஓட்டினார். அதில் வேடிக்கை பார்க்க எதுவுமே இல்லை. டயர் கதறவில்லை, எஞ்சின் உறுமவில்லை. கோன்களுக்கு இடையில் கார் தண்ணீர் மாதிரி போய்க்கொண்டிருந்தது. ஒரு வளைவில் இருக்கும்போதே அவர் முகம் அடுத்த வளைவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நேரம் குறித்துக்கொண்டிருந்தவர் கடிகாரத்தைத் தட்டினார், மறுபடி பார்த்தார், தலைவரிடம் நீட்டினார். அந்த வருஷம் கிளப்பில் யாரும் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை.

தலைவர் யோசித்தார். "இந்த வண்டிக்குத்தானேம்மா அன்னைக்கு ரேஸ் பெட்ரோல் ஊத்தினீங்க?"

டாக்டர் தலையை ஆட்டினார். "அதான்! அதான் விஷயம்!"

டீச்சருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "அதை ஊத்தின அன்னைக்கு இந்த வண்டி சுவத்துல போய் முட்டுச்சு. அதுக்கும் பெட்ரோல்தான் காரணமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கிளம்பினார். கோப்பையை யாரும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அந்த வாரமே கிளப் கூடியது. இரண்டு பிரேக் உள்ள கார் மற்ற கார்களைவிட ஒரு பிரேக் அதிகம் வைத்திருப்பதால், அது போட்டியில் கலந்துகொள்வது நியாயமல்ல என்று தீர்மானம் போட்டார்கள். கைகள் உயர்ந்தன. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த டாக்டரை டீச்சர் வாசலிலேயே நிறுத்தினார்.

"நீங்களும் கையைத் தூக்கினீங்களா?"

"எல்லாரும் தூக்கினாங்கம்மா. நான் பாதிதான் தூக்கினேன்."

டீச்சர் உள்ளே போனார். அடுத்த மாதம் ஸ்கூலுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் சொந்தமாகக் கோன்கள் வாங்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றை ஆரம்பித்தார். முதல் ஆளாகச் சேர்ந்தது பிளைவுட் கடைக்காரரின் மனைவி. வாட்ச்மேன் ஆர்வமாக வந்து சேர்ந்தார். கிளப்பில் கார்களை ரிப்பேருக்கு விட்டுவிட்டு ஞாயிறுகளில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவர்கள், பால் வாங்க வந்த மாதிரி மைதானத்து வேலியோரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் டாக்டரும் வேலியைத் தாண்டி உள்ளே வந்தார். ஒரு கோனைத் தூக்கிப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தார்.

"எனக்கு ஒரு எடம் இருக்குமா?"

"புதன்கிழமை காலைல எல் போர்டு வகுப்புக்கு வாங்க" என்றார் டீச்சர். "கிளட்ச்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

டாக்டர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. புதன்கிழமை டாக்டர் போனார், பத்து நிமிஷம் முன்னாடியே.