ஆயிரத்து நூற்று நாற்பது மேற்கோளும் ஒரு புரையேறலும்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி ஊரில் எல்லாருக்கும், தங்களை யாராவது நினைத்தால் புரையேறும். தணிகாசலத்துக்கு மட்டும், அவர் எழுதியதை யாராவது படித்தால்தான் புரையேறும். இது தெரியவந்தது 2016 தீபாவளிக்கு, சித்தூரில் மாமியார் வீட்டில். மனைவி மோகனப்ரியா பொழுது போகாமல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பிரித்தாள். கூடத்தில் வடை தின்றுகொண்டிருந்தவர் இருமினார். மூடினாள், நின்றது. மறுபடி பிரித்தாள், அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனி தொடுவதில்லை என்று இரண்டாம் பக்கத்தோடு சத்தியம் செய்து மூடி வைத்தாள். அந்தச் சத்தியத்தை அவள் இன்றுவரை மீறவில்லை. மீற ஆசைப்பட்டதாகவும் தகவல் இல்லை.

வடமாலபேட்டைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் மென்பொருள் பொறியியல் கற்பித்த தணிகாசலம், ஏழு ஆண்டுகளில் முப்பத்தொரு கட்டுரைகள் எழுதினார். அவற்றில் பெரியது பதினான்கு பக்கம். ஒரு மென்பொருளில் பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் முறை பற்றியது. ஆய்விதழின் மதிப்பீட்டாளர்கள் மூன்று பேர் அதை ஊன்றிப் படித்ததாக எழுதிக்கொடுத்த வாரம் முழுக்க அவருக்கு ஒரு செருமல்கூட வரவில்லை. துறைத் தலைவர் ரமணா அதைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, சித்தூரிலிருந்து அலிபிரி வரை பதினோரு கல்லூரிகளோடு ஓர் ஏற்பாடு செய்தார். நீ என் கட்டுரையை மேற்கோள் காட்டு, நான் உன்னுடையதைக் காட்டுகிறேன். கொலுவுக்கு வைத்துக்கொடுக்கும் ரவிக்கைத் துணி, யாரும் தைத்துப் போடாமலே வீடு வீடாகச் சுற்றி வருமே, அந்த மாதிரி. மேற்கோள்கள் ஆயிரத்து நூற்று நாற்பதைத் தொட்டன. தணிகாசலம் மூன்று வேளையும் நிம்மதியாகச் சாப்பிட்டார், அந்த நிம்மதிதான் அவரை அறுத்தது. வேண்டுமென்றே மிளகு ரசத்தை மடமடவென்று குடித்துப் பார்த்தார். சமர்த்தாக உள்ளே இறங்கியது. பொறுக்காமல் ஒரு நாள் ரமணாவிடமே கேட்டார், இதையெல்லாம் யாராவது படிக்கிறார்களா என்று.

"படிக்கிறது எந்துக்கய்யா? நெம்பர் ஏறுதா, அத்தச் சொல்லு," என்றார் ரமணா.

பேராசிரியர் பதவிக்கான நேர்காணலுக்குப் பத்து நாள் இருக்கையில், ஒரு புதன்கிழமை, கேன்டீனில் எலுமிச்சை சாதத்தின் மூன்றாவது வாயில் அவருக்குப் புரையேறியது. நாற்பது நிமிடம் நிற்கவில்லை. ரமணா தலையில் தட்டினார், சமையல்காரர் முதுகில் குத்தினார். தணிகாசலம் அழுதது இருமலால் அல்ல, சந்தோஷத்தால். பூமியில் எங்கேயோ ஒரு ஜீவன் பதினான்கு பக்கத்தையும், அடிக்குறிப்புகள் உட்பட, படித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மின்னஞ்சல் வந்தது. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருந்த பவ்யா என்ற பெண் எழுதியிருந்தாள்: நாலாம் அட்டவணையில் கூட்டல் தப்பு, சார், திருத்திப் போட்டால் உங்கள் முறை வேலை செய்யவில்லை. தணிகாசலம் மூன்று தடவை கூட்டிப் பார்த்தார். அவள் சொன்னது சரி. கட்டுரையைத் திரும்பப் பெற்றால் மேற்கோள்களில் தொள்ளாயிரம் போகும், கூடவே பதவியும் போகும்.

"ஒருத்தி தானே படிச்சிக்கீறா? கம்முனு இருங்க," என்றாள் மோகனப்ரியா.

"படிச்சதே அவ ஒருத்தி தான். அவகிட்டயே பொய் சொல்லிட்டு, அப்புறம் யாருக்குன்னு எழுதிக்கினு கீறேன்?"

திரும்பப் பெற்றார். ஆய்விதழ் பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே சிவப்பில் 'செல்லாது' என்று போட்டது. பதவி போன முகத்தோடு நேர்காணலுக்குப் போனால், அங்கே மேற்கோள் ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்றாகி இருந்தது. பதினோரு கல்லூரிக்காரர்களும் விடாமல் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு எழுத்து கண்ணில் பட வேண்டுமானால் கட்டுரையைத் திறந்தாக வேண்டும் அல்லவா. நான் எழுதியது தப்பு என்று அவரே குழுவிடம் சொன்னார். தன்னடக்கம் என்று ஒருவர் குறித்துக்கொண்டார். பேராசிரியர் ஆக்கிவிட்டார்கள்.

பவ்யாவுக்கு நன்றி எழுதும்போது தணிகாசலம் தன் தொண்டையின் விஷயத்தையும் எழுதினார். சோதிப்பது அவள் தொழில். இரண்டு முறை சோதித்துப் பார்த்து, உண்மைதான் என்று ஒப்புக்கொண்டாள். இப்போது அவர் வருடத்துக்கு ஒரு கட்டுரைதான் எழுதுகிறார், ரமணாவின் ஏற்பாட்டில் அதைச் சேர்ப்பதில்லை என்பதால் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. எழுதி முடித்ததும் பவ்யாவுக்கு அனுப்புவார். "சாப்டீங்களா சார்? படிக்கட்டுமா?" என்று அவளிடமிருந்து செய்தி வரும். "இன்னும் இல்லம்மா, நீ படி," என்று பதில் போட்டுவிட்டு, தணிகாசலம் தட்டைத் தன் பக்கம் இழுத்து, முதல் வாயைப் பிசைகிறார்.