தொரை

காலையின் முதல் ரயில் கோரமண்டல் ஸ்டேஷனைத் தாண்டும் சத்தம் கேட்டபோது ரூபேஷ் காரின் பின்கதவைத் திறந்து பிடித்திருந்தான். நாயைத் தள்ள வேண்டியிருக்கவில்லை. அதுவே ஏறி உட்கார்ந்துகொண்டது. காரில் போவதென்றால் அதற்கு அவ்வளவு ஆசை.

“கழுத்துப் பட்டையக் கழட்டிடுண்ணா. எங்கனா மாட்டிக்கும்,” என்றாள் நளினி.

அவள் அவனுடைய தங்கை. அப்பாவைப் பார்த்துக்கொள்வது அவள்தான். தூக்கமில்லாத கண்கள் உள்ளே போயிருந்தன.

“நைனா கேட்டா?”

“நான் சொல்லிக்கறேன். நீ கெளம்பு. அமலாக்கா எழுந்துட்டா மறுபடியும் ஆரம்பிச்சிடும்.”

அமலா பக்கத்து வீடு. சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான். நாய் ராத்திரியெல்லாம் ஊளையிட்டது. எமன் வாசலில் நிற்பது நாயின் கண்ணுக்குத்தான் தெரியும் என்று அமலா லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள். நேற்று நளினியிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். “உங்கப்பன் பொழைக்கணும்னா அத்தத் தொலைச்சிட்டு வாங்க கண்ணு. அது கத்தக் கத்த அவுரு கரையறாரு.”

நளினி கார்க் கண்ணாடியில் கைவைத்துக் குனிந்தாள்.

“இத்த வுட்டுட்டா பொழைச்சிடுவாராண்ணா?”

ரூபேஷுக்குத் தெரியும். விற்ற கடைக்காரன் அன்றைக்கே சொல்லியிருந்தான்: இந்த ஜாதி குரைக்காது சார், ஊளைதான் விடும், அதுதான் அதோட பேச்சு. அப்பாவுக்குப் பிறகு நாய் தன்னிடம்தான் வந்து சேரும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

“வுட்டுத்தான் பாப்பமே,” என்றான்.

பெங்களூரில் மகளின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கப் போன இடத்தில், பக்கத்துக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நீலக் கண்களைப் பார்த்து வாங்கிய நாய் அது. ஒரு வாரம் மகள் அதைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். பிறகு சோபா கிழிந்தது. சோற்றில் முடி வந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் மேலே வந்து சத்தம் போட்டார்கள். ‘நம்ம ஊர் குளிருக்கு நல்லாருக்கும்’ என்று அப்பாவிடம் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

அப்பா காத்தவராயன் அதைப் பார்த்ததும் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். “எங்கப்பன் காலத்துத் தொரை திரும்பி வந்துட்டாருடா. அதே வெள்ளத் தோலு, அதே நீலக் கண்ணு. வேலை ஒண்ணும் செய்யமாட்டாரு. கறி மட்டும் கேப்பாரு.” சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துக் கல்தூசி அவர் நெஞ்சை விட்டு இறங்கவே இல்லை.

சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டுக்குப் பின்னால் ரூபேஷ் காரை நிறுத்தினான். புல்கூட முளைக்காத சாம்பல் மண். பிஸ்கெட்டைப் பிரித்துக் கொட்டினான். நாய் பிஸ்கெட்டைப் பார்க்கவில்லை. முன்னங்கால்களை மடக்கி, விளையாட்டுக்குத் தயாராக அவனைப் பார்த்தது. அவன் ஒரு குச்சியைத் தூக்கித் தூரமாக எறிந்தான். எடுத்துவர ஓடியது. அதற்குள் கிளம்பிவிட்டான்.

வீட்டுக்குள் வந்தபோது அப்பா விழித்திருந்தார்.

“தொரை எங்க?”

“பின்னால கட்டியிருக்கேன் நைனா,” என்றாள் நளினி.

“சத்தமே காணோம்?”

“தூங்குது.”

“தூங்க வுடாத.” மூச்சு வாங்கிக்கொண்டார். “ராத்திரில மூச்சு நின்னுடும்போல வருது. அப்போ அது ஒரு கொரலு குடுக்கும் பாரு... நம்மகூட எவனோ முழிச்சிக்கினு இருக்கான்னு தைரியமா இருக்கும்.”

நளினி அண்ணனைப் பார்த்தாள். ரூபேஷ் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அப்பா பின்வாசல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். அப்படியே கிடந்தார். கஞ்சியை வாயில் வைத்தபோது கையால் தடுத்தார், சத்தம் போடாதே என்பதுபோல. மத்தியானம் அந்தக் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

அமலாதான் முதலில் ஓடிவந்து மாரில் அடித்துக்கொண்டாள். “ரெண்டு நாளு முன்னாடி அந்த சனியன ஓட்டியிருந்தா மனுசன் பொழைச்சிருப்பாரே!”

நளினி அழவில்லை. அப்பாவின் தலையை நேராகத் திருப்பி வைக்கப் பார்த்தாள். அது மறுபடியும் பின்வாசல் பக்கமே சாய்ந்தது.

மறுநாள் பாபு சித்தப்பா கொள்ளிச்சட்டியை ரூபேஷின் கையில் கொடுத்தார். “சட்டி கையில இருக்கற வரைக்கும் திரும்பிப் பாக்காத. வாயத் தொறக்காத. யாரு கூப்ட்டாலும் சரி.”

மேளம் கிளம்பியது. ஈர வேட்டி காலில் ஒட்ட, பாடைக்கு முன்னால் நடந்தான். கடைசி லைனைத் தாண்டி ஊர்வலம் இடதுபக்கம் திரும்பியபோதுதான் உறைத்தது. சுடுகாட்டு வழி சயனைட் மேட்டைச் சுற்றித்தான் போகிறது. பெங்களூரிலேயே இருந்து இருந்து அது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

நாய் மேட்டிலிருந்து இறங்கி வந்தது. தெருநாய்கள் ஒரு காதைக் கிழித்திருந்தன. பின்னங்கால் ஒன்று தரையில் படவில்லை. நேராக அவனிடம் வந்து முழங்காலை முகர்ந்தது. வாலை ஆட்டியது. அவன் நடையைக் கூட்டினான். நாய் பின்தங்கியது. பாடை அதைக் கடந்தபோது கழுத்தை நீட்டி ஊளையிட ஆரம்பித்தது.

மேளம் நின்றது.

“அடுத்த சாவக் கேக்குதுடா!”

“அடிங்கடா அத்த!”

முதல் கல் விழுந்த சத்தமும் அதன் கத்தலும் ஒன்றாகக் கேட்டன. உடனே மறுபடியும் ஊளை. அடுத்த கல். சித்தப்பா மூச்சிரைக்க ஓடிவந்து அவனோடு சேர்ந்து நடந்தார்.

“ரூபேசு, நம்ம தொரைடா. உங்கப்பனப் பாத்துக் கத்துது. நான் சொன்னா எவனும் கேக்கல. உன் வூட்டு நாய், நீ ஒரு வார்த்தை சொன்னா வுட்டுடுவானுங்க.”

ரூபேஷ் முன்னால் பார்த்து நடந்தான். சட்டியின் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. பின்னால் பெரிய கல்லாகத் தேடும்படி யாரோ கத்தினார்கள்.

“வாயத் தொறக்க வேணாம்டா. தலையயாவது ஆட்டேன்?”