ஒன்பதாவது கேள்வி

வருடத்துக்கு ஒரு முறை தலைமை அலுவலகத்திலிருந்து படிவக் கட்டு ஒன்று வரும். தன் கீழே வேலை பார்க்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் மேலாளர் பன்னிரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். மற்ற மேலாளர்கள் அதைச் சாப்பாட்டு இடைவேளையில் கிறுக்கித் தள்ளிவிடுவார்கள். ஸ்கேல் சார் அப்படி இல்லை. மேசையைத் துடைத்து, பேனாவை உதறிப் பார்த்து, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி உட்காருவார். முக்கியமான பதில்களுக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போடுவார். அப்படி வந்த பெயர்தான் அது. சொந்தப் பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை.

லிப்ட் பழுது பார்க்கும் நிறுவனம் அது. அவருடைய பிரிவின் பொறுப்பில் நானூற்றுப் பன்னிரண்டு லிப்டுகள் இருந்தன. அவற்றில் எது எங்கே நின்றாலும் மணி அடிப்பது மாடிப்படிக்குப் பக்கத்திலிருந்த போன் அறையில்தான். அங்கே இருந்தவரை மெக்கானிக்குகள் எல்லோரும் போன் அக்கா என்றார்கள். அக்காவை விட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

போன் அக்காவின் வேலை புகாரை எழுதிக்கொள்வது. அவ்வளவுதான் என்று வேலை நியமனக் கடிதம் சொன்னது. அவர் செய்தது வேறு. "போனைக் கொஞ்சம் லிப்ட் கதவுகிட்ட கொண்டு போங்க. இப்ப மூடச் சொல்லுங்க" என்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "கதவு ஓடுற தடத்துல ஏதோ கெடக்கு. பிரஷ்ஷும் குறடும் போதும், பெரிய பெட்டியத் தூக்காத" என்பார். பத்தில் ஒன்பது தடவை அது சரியாக இருக்கும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் அட்டை வைத்திருந்தார், மரப் பெட்டிக்குள் தெரு வாரியாக. கம்ப்யூட்டரில் புகார் எழுத நாற்பது எழுத்துக்குத்தான் இடம். நாற்பது எழுத்தில் ஒரு லிப்டின் குணத்தை எழுதிவிட முடியாது.

இப்படி ஒருவர் கீழே வேலை பார்த்தால் எந்த மேலாளருக்கும் வாயெல்லாம் பல்லாகத்தான் இருக்கும். ஸ்கேல் சார் நன்றி மறக்காதவர். படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, "இந்த இருக்கைக்கு மாற்று ஆள் உண்டா?" என்று கேட்கும். போன் அக்காவின் படிவத்தில் அந்த இடம் வந்ததும் "இல்லை" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போடுவார். வேறு யாருக்கும் அவர் இரண்டு கோடு போட்டதில்லை. ஏழு வருடமாக, ஏழு படிவத்தில்.

அந்த வருடம் தலைமை அலுவலகத்தில் சேவைத் திட்ட அதிகாரி என்று ஒரு புதுப் பதவி வந்தது. புகார்களைப் படித்து, எந்த லிப்ட் எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே கணிக்கிற வேலை. நேர்காணலுக்கு அழைக்கப்படுகிறவர்களின் பட்டியல் ஒரு திங்கட்கிழமை காலை அறிவிப்புப் பலகைக்கு வந்தது. இந்தப் பிரிவிலிருந்து ஒரே ஒரு பெயர், மெக்கானிக் புல்லட்டுடையது. பைக்கில் பறப்பதால் வந்த பெயர். வேலையில் அந்த வேகம் கிடையாது. பையன் நல்லவன்தான். ஆனால் பழுது எதுவென்று போன் அக்கா சொல்லாவிட்டால் லிப்டுக்கு முன்னால் நின்று தலையைச் சொறிவான். அவனே பலகையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல என்னமோ தப்பு நடந்திருக்கு" என்றான்.

போன் அக்கா மேலாளர் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"சார், எம்பேரு ஏன் வரல?"

"நானும் அதத்தான் கேக்கப் போறேன். விடுங்க, இன்னிக்கு அவங்கள ஒரு வழி பண்ணிடறேன்."

மூக்கின் மேல் கோபத்தோடு பணியாளர் பிரிவுக்குப் போன் போட்டார். அங்கே எடுத்த எழுத்தருக்குக் கடுமையான சளி. தும்மலுக்கு நடுவில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், படிவங்களைப் புரட்டினார்.

"ஒன்பதாவது கேள்விக்கு இல்லைன்னு எழுதியிருக்கீங்களே சார்."

"ஆமா, அவங்கள மாதிரி ஒருத்தர் கெடையாது. அதுக்குத்தான ரெண்டு கோடு போட்டேன்!"

"மாத்து ஆள் இல்லாத இருக்கையிலிருந்து நாங்க யாரையும் எடுக்கறதில்ல சார். எடுத்தா அந்தப் பிரிவு படுத்துரும்ல? அதனால அவங்க பேரு பட்டியலுக்கே வராது. பட்டியல்ல வந்த மெக்கானிக்குக்கு மாத்து ஆள் உண்டுன்னு போட்டிருக்கீங்க."

"அவனுக்கு யாரு வேணா மாத்து ஆளு!"

"அதான் சார். வந்துட்டாரு."

ஸ்கேல் சார் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். "இதுக்கு முன்னாடி வந்த வாய்ப்பெல்லாம்?" என்று கேட்டார்.

"மூணு தடவ வந்திருக்கு. மூணுலயும் இதே கதைதான்." ஒரு தும்மல். "உங்க படிவமும் இங்க இருக்கு சார். நீங்க மேற்பார்வையாளரா இருந்து மேலாளர் ஆனீங்கல்ல, அந்த வருஷத்துது. மாற்று ஆள் உண்டுன்னு போட்டிருக்கு. ஆளு பேரு... அட, அந்தம்மா பேருதான்."

ஸ்கேல் சார் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெயரைச் சொன்னது அவரேதான். நீ மேலே போனால் உன் வேலையை யார் பார்ப்பார்கள் என்று அப்போதைய மேலாளர் கேட்டதற்கு, போன் ரூம் அம்மா என்னை விட நன்றாகப் பார்ப்பார் என்று சந்தோஷமாகச் சொல்லியிருந்தார். அந்த அம்மாவின் தோளில் கால் வைத்துத்தான் மேலே ஏறியிருக்கிறார். ஏறியவர் ஏணியை அங்கேயே ஆணி அடித்து வைத்துவிட்டார்.

திருத்த வழி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. மாற்று ஆள் ஒருவர் மூன்று முழு நாள் அந்த இருக்கையில் தனியாக வேலை பார்த்திருக்க வேண்டும். அதை எழுதித் திருத்திய படிவம் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

அன்று மதியம் ஒவ்வொரு மெக்கானிக்காகக் கேட்டுப் பார்த்தார். லிப்ட் குழிக்குள் தலைகீழாகத் தொங்கச் சொன்னாலும் தொங்குவோம், அந்த நாற்காலி மட்டும் வேண்டாம் என்றார்கள். போன் அக்காவிடம், தலைமை அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் மனைவியிடம் விஷயத்தைப் பாதிதான் சொன்னார். விதி சரியில்லை, படிவம் சரியில்லை என்றெல்லாம் பொரிந்து தள்ளினார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என் தம்பி வீடு மாறினப்ப ஒரு வாரம் லீவு போட்டு வந்தீங்களே, அப்ப ஆபீச யாரு பாத்துக்கிட்டாங்க?"

"போன் அக்காதான்."

"அவங்க எப்ப ஒரு வாரம் லீவு போட்டாங்க?"

அவருக்கு ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மனைவி அவர் சட்டையை மடித்து அவர் மடியில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் அறைக்குப் போனார். தலைமை அலுவலகத்தில் ஏதோ அரசியல் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். வழியெல்லாம் அந்த யோசனை கூடவே வந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தன் படிவத்தில் அவர் பெயர் இருந்ததையும் சொன்னார்.

போன் அக்கா கையிலிருந்த அட்டையைப் பெட்டியில் செருகினார்.

"மொத படிவம் போனப்ப என் பொண்ணு ஒண்ணாவது சேந்தா சார். இப்ப எட்டாவது."

"விதி எனக்குத் தெரியாதும்மா."

"விதி தெரியாது, சரி. நான் இந்த ரூம விட்டுப் போகணும்னு நீங்க எப்பவாவது நெனச்சிருக்கீங்களா?"

ஸ்கேல் சார் அட்டைப் பெட்டியைப் பார்த்தார். "இல்ல," என்றார். "போயிடக் கூடாதுன்னுதான் நெனச்சிருக்கேன். நீங்க இருந்தா எனக்கு நிம்மதி."

சொன்னதும் அவமானமாக இருந்தது. அவர் வாழ்க்கையில் சொன்ன உண்மைகளில் இதைச் சொல்லத்தான் அதிகச் சிரமப்பட்டார்.

"மூணு நாள் யாரு உக்காரப் போறா?" என்று கேட்டார் போன் அக்கா.

"நான்தான்."

அவர் ஸ்கேல் சாரை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டார். "எனக்கு நூத்துப் பதினாலு நாள் லீவு பாக்கி இருக்கு. அதுல மூணு எழுதிக்கோங்க. பெட்டிக்கு அடியில நீல நோட்டு ஒண்ணு இருக்கும். உங்ககிட்ட ஒரு தடவ காட்டியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

முதல் நாள் கூத்து சொல்லி மாளாது. ஒரே நேரத்தில் இரண்டு போன் அடித்தால் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதவு மூடவில்லை என்று வந்த புகாருக்கு, பிரேக் போய்விட்டது என்று முடிவு கட்டி, மெக்கானிக்குகள் இருவரை எட்டு மாடிக் கட்டடத்துக்கு அனுப்பினார். அவர்கள் பெரிய பெட்டியைச் சுமந்துகொண்டு போய், கதவுத் தடத்தில் சிக்கியிருந்த ஒரு பொம்மைக் காரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். புல்லட் அதை அவர் மேசையில் வைத்து, "உதிரி பாகம் சார்" என்றான். சிரிக்காமல் சொன்னதுதான் அதில் விசேஷம்.

மாலையில்தான் நீல நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்தில், "இந்த இருக்கைக்கு வருகிறவருக்கு" என்று எழுதியிருந்தது. நாற்பத்திரண்டு பக்கம். எந்தச் சத்தத்துக்கு எந்தப் பழுது, எந்த மெக்கானிக்கை எதற்கு அனுப்பக் கூடாது, உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் முதலில் பேரைக் கேட்க வேண்டும், பழுதை அல்ல. எல்லாம் வரிசையாக இருந்தது. முதல் பக்கத்தின் மூலையில் தேதி. ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு நாள் போன் அக்கா இந்த நோட்டைக் கொண்டுவந்து, "சார், வேற யாராவது கத்துக்கறதுக்கு" என்று நீட்டினார். இவர் மேலட்டையை மட்டும் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கும்மா, அதான் நீங்க இருக்கீங்களே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பாராட்டியதாகத்தான் நினைத்தார். இந்த இருக்கைக்கு மாற்று ஆளைத் தயார் செய்யும் வேலையை அவர் முதல் வருடமே முடித்து வைத்திருக்கிறார். இவர் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து தவறு. வியாழக்கிழமை இரண்டு. அதில் ஒரு தடவை, இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒருவர் பதறிப் பதறிக் கத்தினார். ஸ்கேல் சார் அவர் பேரைக் கேட்டார், எந்த மாடிக்குப் போகிறார், அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். கத்தல் அடங்கியதும், லிப்ட் நின்றபோது வந்தது என்ன சத்தம் என்று கேட்டார். சரியான ஆளைச் சரியான பெட்டியோடு அனுப்பினார். பதினாறு நிமிடத்தில் கதவு திறந்தது. போனை வைத்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை புதுப் படிவம் எழுதினார். ஒன்பதாவது கேள்விக்கு "உண்டு" என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரைப் போட்டார். கோடு போடவில்லை. தபாலை நம்பாமல் தானே எடுத்துக்கொண்டு போய்ச் சளி எழுத்தரின் கையில் கொடுத்தார். அப்போது மணி மூன்று இருபது.

நேர்காணலில் போன் அக்காவிடம் நாலு புகார்களை ஒலிப்பதிவாகப் போட்டுக் காட்டினார்களாம். மூன்றாவது முடியும் முன்பே போதும் என்று சொல்லிவிட்டார்களாம். வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று ஸ்கேல் சார் ஒரு நன்றியை எதிர்பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலருகே நின்றார். போன் அக்கா அட்டைப் பெட்டியின் சாவியை அவர் கையில் வைத்து, "மூணாவது தெரு அட்டைங்கள்ல மட்டும் வரிசை மாறியிருக்கு, பாத்துக்கோங்க" என்றார். அது நியாயமாகத்தான் அவருக்குப் பட்டது. கொடுக்க வேண்டியதை ஏழு வருடம் தாமதமாகக் கொடுத்தவனுக்கு எதற்கு நன்றி?

போன் அறைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். ஸ்கேல் சார் பக்கத்திலிருந்து நோட்டைச் சொல்லிக் கொடுத்தார். இரண்டு வருடம் போனது. போன் அக்கா வட்டாரத் தலைவரானார். இனி மேலாளர்களின் படிவங்களை எழுதுவது அவர் வேலை. ஒரு நாள் காலை போன் வந்தது.

"சார், உங்க படிவம் எழுதிக்கிட்டிருக்கேன். ஒன்பதாவது கேள்வி. உங்க இருக்கைக்கு மாத்து ஆள் உண்டா?"

"இல்லீங்க மேடம். நீங்கதான் இருந்தீங்க."

"போன் ரூம்ல இருக்கற பொண்ணு எப்படி?"

"கெட்டிக்காரி. கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுது."

"அப்ப அடுத்த வாரம் மூணு நாள் அவள உங்க நாற்காலியில உக்கார வைங்க. நீங்க லீவுல போங்க."

"அவ இங்க வந்துட்டா போன் ரூம..." என்று ஆரம்பித்தவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார் என்று ஸ்கேல் சாருக்குத் தெரிந்தது.

"அதுக்கும் ஒரு ஆளத் தயார் பண்ணுங்க சார். நான் இருக்கிற வரைக்கும் யாரு பேருக்கு நேராவும் இல்லைன்னு எழுத மாட்டேன். உங்க பேருக்கு நேராவும்தான்."

போனை வைத்துவிட்டு எழுந்து போன் அறைக்குப் போனார். அந்தப் பெண் நீல நோட்டைத் திறந்து வைத்து, நாற்பத்து மூன்றாவது பக்கத்தில் தன் கையெழுத்தில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கூச்சத்தோடு கையால் மறைத்தாள்.

"சும்மாதான் சார். வேற யாராவது கத்துக்கறதுக்கு."

"எழுதும்மா," என்றார் ஸ்கேல் சார். "முடிச்சதும் எங்கிட்டக் குடு. இந்தத் தடவ படிக்கிறேன்."

இந்தத் தடவை என்றால் என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.