நாற்பத்திரண்டாவது நாள்

மலாகியின் மூன்றாவது குத்தில் அபெராமோ சாரின் தாடை உடைந்தது. உடைந்த சத்தம் பேருந்து நிறுத்தத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. சாரின் பை பிளந்து நோட்டுகள் சேற்றில் விழுந்தன. அவற்றில் ஒன்று பெனினாவுடையது. அவள் ஓடிவந்து அண்ணனின் கையைப் பிடித்துத் தொங்குவதற்குள் நான்காவது குத்தும் விழுந்துவிட்டது.

"விடுண்ணா, செத்துடப் போறாரு."

"சாகட்டும். என் தங்கச்சிய நாலு பேர் முன்னாடி கேவலப்படுத்தின வாய்தானே அது."

கேவலமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தலைநகர் ஆபியாவில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் செவிலியர் படிப்புக்கு பெனினா விண்ணப்பித்திருந்தாள். கூடவே ஒரு பரிந்துரைப் படிவம். அதை வகுப்பாசிரியர்தான் தன் கையால் எழுத வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும் என்று அதிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. திங்கட்கிழமை அவள் சாரிடம் நீட்டினாள். சார் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்.

"நாப்பத்தொரு நாள் வரல நீ. இத எழுதாம விட்டா நான் பொய்யன். எழுதினா உன்ன எடுக்க மாட்டாங்க. ரெண்டு நாள் யோசிக்கிறேன், போ."

இதைக் கடைசி பெஞ்சில் இருந்த சித்தப்பா மகள் கேட்டாள். வீட்டுக்குப் போய், கண் காது மூக்கு வைத்து மலாகியிடம் சொன்னாள். எங்கள் பக்கத்து அண்ணன்மாருக்குத் தங்கையின் மானம்தான் முதல் வேலை. தோட்டமும் மீனும் அதற்கப்புறம். உண்மையா என்று தங்கையிடமே ஒரு வார்த்தை கேட்கலாம் என்ற புத்தி மட்டும் எவனுக்கும் வராது. மலாகிக்கும் வரவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா அவனைத் தென்னை மட்டையால் அடித்தார். மட்டை முறிந்ததும் இன்னொன்றை எடுத்தார். மலாகி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பாயில் படுத்திருந்த அம்மா எழுந்திருக்க முடியாமல், "போதும், என் பிள்ளைய விடுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் நகரத்தில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். துணைக்கு ஆள் இல்லாத நாளெல்லாம் பெனினாதான் போனாள். அந்த நாற்பத்தொன்றும் அந்த நாட்கள்தான். வீட்டுக் கஷ்டத்தை வெளியே கொண்டுபோய்ப் பரப்பாதே என்று அப்பா சொல்லியிருந்தார். அதனால் அவள் பள்ளியில் வாயே திறக்கவில்லை.

புதன்கிழமை சாரின் தம்பிகள் லாரியில் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு வெட்டுக்கத்தி. டாரோக் கிழங்குத் தோட்டம் முழுவதையும் வெட்டிச் சாய்த்தார்கள். கட்டியிருந்த பன்றிகள் இரண்டின் கழுத்தை அறுத்து வாசலில் போட்டார்கள். மூத்தவன் தனியேலு கத்தியை வாசல் தூணில் ஓங்கிக் கொத்திவிட்டுச் சொன்னான்:

"மலாகி எங்க ஒளிஞ்சாலும் சரி. தாடைக்குத் தலை."

அவர்கள் போனபின் குடும்பத் தலைவரான பெரியப்பா தவுமுவா அந்தத் தூணின் வெட்டை விரலால் தடவிப் பார்த்தார். "நாளைக்கு இஃபோகா" என்றார். அது எங்கள் பக்கத்து மன்னிப்புச் சடங்கு.

அடிபட்டவன் வீட்டு வாசலில் விடிவதற்குள் போய், குடும்பத்தின் ஆகச் சிறந்த பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு குனிந்து உட்கார வேண்டும். விறகும் அடுப்புக் கல்லும் எடுத்துப்போக வேண்டும். வேண்டுமானால் எங்களைச் சுட்டுத் தின்னுங்கள் என்று அதற்கு அர்த்தம். அவர்கள் வந்து பாயை விலக்கினால் மன்னிப்பு, அத்தோடு எல்லாம் முடிந்தது. கத்தியோடு வந்தாலும் கையை உயர்த்தக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது.

"நீயும் வா. உன்னால வந்ததுதான்" என்றார் பெரியப்பா பெனினாவைப் பார்த்து.

அவள் கிளம்பும்போது அந்தப் படிவத்தை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். ஏன் செருகினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. வியாழன் ஆகிவிட்டது, மறுநாள் கடைசி நாள். அந்தத் தாள் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் மூச்சே வராது போலிருந்தது. அறிவுகெட்ட வேலைதான். ஆனால் பதினெட்டு வயதில் வேறு எதைப் பிடித்துக்கொள்வாள்?

தூறல் விழுந்துகொண்டிருந்தது. சாரின் வீட்டு முற்றத்துச் சரளையில் பெரியப்பா, அப்பா, மலாகி, பெனினா நால்வரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். முன்னால் விறகுக் கட்டு, ஒரு கூடை நிறையக் கருங்கல். மேலே மூன்று தலைமுறையாகக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வெளியே எடுத்த பாய். பாய்க்குள் மலாகியின் மூச்சு அவள் காதில் பட்டது. பயந்துபோயிருந்தான். அவன் பயந்து அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

பொழுது விடிந்தது. எங்கள் பக்கத்து வீடுகளைப் போலவே அந்த வீட்டுக்கும் தூண்கள்தான், சுவர் கிடையாது. உள்ளே பெண்கள் அழுவதும், தனியேலு கத்தியைக் கல்லில் தீட்டுவதும் கேட்டன. ஒரு மணி நேரம் போயிருக்கும். அப்புறம் அந்த வீட்டுக் கிழவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். பாயின் ஓரத்தைப் பிடித்தார். விலக்கத் தொடங்கினார். பெனினாவின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. தப்பித்தோம் என்ற நிம்மதியில் அவள் நெற்றி தரையில் படும்படி குனிந்தாள்.

படிவம் நழுவிச் சரளையில் விழுந்தது.

தனியேலுதான் எடுத்தான். விரித்தான். நிதானமாகவே படித்தான்.

"மன்னிப்புக் கேக்க வந்தவங்களப் பாருங்க. எங்கண்ணன் கையெழுத்து வாங்க வந்திருக்காங்க."

கிழவர் பாயை விட்டுவிட்டார். அப்பா திரும்பிப் பெனினாவைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குக் கல்லடியே மேல்.

முதல் கல் அவர்கள் கொண்டுவந்த கூடையிலிருந்தே வந்தது. அப்பாவின் முழங்கையில் பட்டது. அடுத்தது பெரியப்பாவின் முதுகில். "அசையாதீங்க, யாரும் அசையாதீங்க" என்று அவர் குனிந்தபடியே முனகினார். யாரோ பாயைப் பிடித்து இழுத்தார்கள். பாய் கிழிந்தது. மலாகி அசைந்தான். கையை ஓங்கவில்லை, எழுந்து ஓடவும் இல்லை. அப்படியே உருண்டு தங்கையின் மேல் கவிழ்ந்துகொண்டான். அதன்பின் விழுந்த கல்லெல்லாம் அவன்மேல்தான் விழுந்தன. ஒவ்வொன்றும் அவன் உடம்பு வழியாக அவளுக்குள் இறங்கியது. ஒரு கல் விழுந்தபோது மட்டும் அவன் சின்னப் பிள்ளைபோல் வீறிட்டான். அவன் இடது கண்ணிலிருந்து அவள் கழுத்தில் சூடாக வழிந்தது.

திடீரென்று கல் நின்றது.

அபெராமோ சார் முற்றத்தில் இறங்கியிருந்தார். தலையிலிருந்து மோவாய்வரை கட்டு. பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்ததால் சத்தம் போட்டுத் தடுக்க அவருக்கு வாய் இல்லை. வீசிய கல்லுக்குக் குறுக்கே நடந்து வந்துவிட்டார். ஒன்று அவர் தோளிலேயே பட்டது. தனியேலுவின் கையில் அடுத்த கல் அப்படியே நின்றது.

சார் குனிந்து கிழிந்த பாயைப் பொறுக்கினார். ரத்தமும் சேறுமாக இருந்ததைத் இடுப்பில் சுற்றியிருந்த லாவாலாவாத் துணியின்மேல் மடியில் வைத்துக்கொண்டு சரளையில் உட்கார்ந்தார். மன்னிப்பை ஏற்றுக்கொண்டாகிவிட்டது. இனி அந்த வீட்டில் ஒருவரும் கல்லைத் தொட முடியாது. தனியேலு கல்லைக் கீழே போட்டுவிட்டு உதைத்தான்.

சார் அவனிடம் கையை நீட்டி அந்தப் படிவத்தை வாங்கினார். உள்ளேயிருந்து அவருடைய மகள் பேனா கொண்டுவந்தாள். படிவத்தின் பின்பக்கத்தில் ஒரே சொல் எழுதிப் பெனினாவிடம் காட்டினார்: ஏன்?

"எது சார்?"

அதன்கீழே 41 என்று எழுதினார்.

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. "அம்மாவுக்கு ரெண்டு சிறுநீரகமும் போயிடுச்சு சார். ரத்தம் சுத்தம் பண்ற நாள்ல நான்தான் கூடப் போவேன். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. சொல்லல. அவ்வளவுதான் சார். அத உங்ககிட்ட சொல்லியிருந்தா இவன் கண்ணு இருந்திருக்கும்."

சார் மலாகியைப் பார்த்தார். பிறகு அடுப்புக் கல் ஒன்றை இழுத்து, அதன்மேல் படிவத்தை வைத்து எழுதத் தொடங்கினார். தூறல் படாமல் அவர் மகள் ஒரு வாழை இலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுதி, கையெழுத்துப் போட்டு, பெனினாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் லாரியின் பின்தட்டில் மலாகி தங்கையின் தோளில் சாய்ந்து கிடந்தான். இடது கண் இருந்த இடத்தில் சட்டையைச் சுருட்டி அமுக்கியிருந்தாள். அப்பா உடைந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"என்ன எழுதியிருக்காரு? படி" என்றான் மலாகி.

அவள் ஒரு கையால் படிவத்தை விரித்துப் படித்தாள். "இந்த மாணவி இவ்வருடம் நாற்பத்திரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. எல்லா நாளுக்கும் சரியான காரணம் உண்டு. ஆசிரியராகிய நான் அதைக் கேட்டது நாற்பத்திரண்டாவது நாளில்தான். இவளை எடுத்துக்கொள்ளுங்கள்."

"நாப்பத்தொண்ணுதானே?"

"இன்னைக்கும் சேத்துண்ணா. இன்னைக்குப் பள்ளிக்கூடம் இருக்குல்ல."

மலாகி சிரிக்கப் பார்த்தான். "என்னப் பத்தி ஏதாவது?"

"இல்ல."

லாரி பள்ளத்தில் இறங்கி ஏறியது. சுருட்டிய சட்டை நழுவி, அவன் முகத்திலிருந்து ரத்தம் கொட்டியது. தாளில் பட்டுவிடப் போகிறதே என்று பெனினா முதலில் தாளைத்தான் தூக்கிப் பிடித்தாள். அதற்கப்புறம்தான் சட்டையை எடுத்தாள். மிச்சமிருந்த ஒரு கண்ணால் மலாகி அதைப் பார்த்தான்.

"ரவிக்கைக்குள்ள வை. நனையப் போவுது" என்றான்.